உள்ளே விடும், வெளியே விடாது

இருபத்தொன்பது வயதில் ஓய்வுபெறுகிறவள் என்று நீங்கள் என்னைக் கிண்டல் செய்வது காதில் விழாமல் இல்லை. செய்யுங்கள். படித்தது மின்னணுவியல், செய்தது நாய்களுக்கு வீடு பார்க்கும் வேலை, இப்போது போவது விலங்குகளின் நடத்தையைப் பற்றிப் படிக்க. ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. போவதற்கு முன், திருவான்மியூர் காப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எந்தத் தடுப்பூசி எப்போது, எந்தத் தீவனம் எவ்வளவு என்பதெல்லாம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்வீர்கள். நான் ஒரே ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதியை அவன்தான் திருப்பிப் போட்டான்.

கோம்பை நாய் பார்த்திருக்கிறீர்களா? செம்மண் நிறம். வாயும் மூக்கும் மட்டும் அடுப்புக்கரியைத் தொட்ட மாதிரி கறுப்பு. உடம்பு பெரிதில்லை, ஆனால் நிற்கும் விதத்தில் ஒரு கனம் இருக்கும். எங்களிடம் வந்தவன் தினமும் காலையில் முற்றத்தை ஒரு சுற்று சுற்றுவான். தண்ணீர்த் தொட்டி, தீவன மூட்டை, வாளி, கதவு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் நிற்பான். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வான். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சேகர் அண்ணன் சைதாப்பேட்டைக்காரர். முதல் நாளே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். "இன்னா மேடம் இது, ரெய்டு வந்தவரு மாதிரி பாத்துக்கினு கீறாரு! ஆபீசர்தான் இவரு." ஆபீசர் என்பதே நிலைத்தது.

ஆபீசர் எங்களிடம் புதிதாக வந்தவன் இல்லை, திரும்பி வந்தவன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

முதலில் தி.நகரில் ஒரு தனி வீடு. ஏ.சி. மெக்கானிக்கைக் கடித்துவிட்டான் என்று கொண்டுவந்து விட்டார்கள். அடுத்தது அடையாறில் ஒரு அடுக்குமாடி. சமையலுக்கு வரும் அம்மாவை லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரோடு நிறுத்திவைத்துவிட்டான், அந்த அம்மா அழுதுவிட்டார் என்று சொல்லித் திருப்பினார்கள். இரண்டு வீட்டாரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "எப்ப என்ன பண்ணுவான்னே தெரியலை."

நம் காப்பகத்தில் ஒரு விதி உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது முறை திரும்பி வரும் காவல் நாயை மறுபடி எந்த வீட்டுக்கும் தத்துக் கொடுப்பதில்லை. அது கூண்டிலேயே இருந்து கூண்டிலேயே முடியும். அந்த விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் காலையில் வாளிக்கு முன்னால் நின்று கணக்குப் பார்க்கும் ஒரு நாய் ஆயுசு முழுக்கக் கம்பிக்குப் பின்னால் இருப்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நான்.

எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. எங்கள் சோதனை எல்லாவற்றிலும் அவன் தேறியிருந்தான். ஹெல்மெட் போட்டவர் வந்தார், குடை பிடித்தவர் வந்தார், பார்சல் கொண்டுவருகிறவர் மாதிரி ஒருவர் வந்தார், குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. ஆபீசர் எழுந்து நின்று பார்த்தான், ஒரு முறை குரைத்தான், நாங்கள் "சரி" என்றதும் வழிவிட்டான். பல லேப்ரடார்கள் இதைவிட மோசமாக நடந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பதவிசான நாய் யாரை, எதற்காகப் பிடித்தது?

பதில் ஒரு பழைய சாமான்காரர் ரூபத்தில் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை வந்து கிழிந்த தீவனச் சாக்குகளை எடுத்துப்போவார். வழக்கமாக அவர் வரும்போது நாய்களைக் கட்டிவிடுவோம். அன்று சேகர் அண்ணன் மறந்துவிட்டார். சாமான்காரர் உள்ளே வந்தார். ஆபீசர் தலையைக்கூடத் தூக்கவில்லை. சாக்குக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கேட்டுப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். ஆபீசர் எழுந்து போய்க் கேட்டுக்குக் குறுக்கே நின்றான். குரைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது, தூரத்தில் லாரி போகிற மாதிரி.

"யோவ் ஆபீசர்! இன்னா நைனா, கிழிஞ்ச சாக்குக்கா இந்த ஆட்டம் ஆடறே?" என்று சேகர் அண்ணன் ஓடிவந்தார். சாமான்காரர் பயத்தில் சாக்குக் கட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ஆபீசர் அவர் பின்னால் போகவில்லை. சாக்கை முகர்ந்தான், அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டான். சாமான்காரர் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தபோது அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அவன் கண்ணில் மனிதர் இல்லவே இல்லை, சாக்குதான் இருந்தது.

உடனே தி.நகர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "சார், அந்த மெக்கானிக்கை எப்ப கடிச்சான்? வரும்போதா, போகும்போதா?"

"போகும்போதும்மா. மொட்டை மாடியிலேருந்து அவுட்டோர் யூனிட்டைத் தோள்ல தூக்கிட்டு இறங்கினான் அந்தப் பையன். கேட்டாண்ட பேண்ட்டைப் பிடிச்சிடுச்சு."

"கால்ல காயம் பட்டுச்சா?"

"கால்ல இல்ல, பேண்ட்தான் கிழிஞ்சுது. ஆனா கடி கடிதானேம்மா?"

அடையாறுக்குப் போட்டேன். சமையல்கார அம்மா போகும்போது கையில் டிஃபன் கேரியர் இருந்ததாம். மிச்சக் குழம்பு. அதை வீட்டு அம்மா காலையிலேயே அவருக்காகச் சமையல் மேடையில் எடுத்துவைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாராம்.

அன்று மாலை எங்கள் டாக்டரிடம் இதைக் கொட்டினேன். நாய்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தவர் அவர். இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அவர் ஊசி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்ன வாக்கியங்கள்தான். அன்றும் ஒரு குட்டியின் காதைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்க சோதனை எல்லாம் வர்றவங்களுக்குத்தானே? கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி வாசல்லயே நின்னுக்கறீங்க. போறவங்களை யாரு பார்த்தீங்க?"

உண்மைதான். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் தன்னார்வலர்கள் வெறுங்கையோடு வருவார்கள், வெறுங்கையோடு போவார்கள். சாமான் எடுக்க யாராவது வந்தால் நாய்களைக் கட்டிவிடுவோம். ஒரு காவல் நாய் எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை, ஒழுங்காக வேலை செய்வதாக நினைத்து நாங்களே மூடிவைத்திருந்தோம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "லேப்ரடார்கிட்ட நாம எதிர்பார்க்கறது பேச்சுக் கேக்கறது. கோம்பையை வளர்த்தவங்க எதிர்பார்த்தது வேற. மனுஷன் பக்கத்துல இல்லாதப்ப அதுவே முடிவெடுக்கணும். முடிவெடுன்னு பரம்பரையா வளர்த்துட்டு, ஏன்டா முடிவெடுத்தேன்னு அடிக்கக்கூடாது."

காவல் நாய் வேண்டும் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். போகட்டும்.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு இதே விளையாட்டுதான். கடிக்க முடியாதபடி ஆபீசருக்கு வாய்க்கூடு போட்டுத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தன்னார்வலர் பையோடு வந்து அதே பையோடு போனால் விட்டான். வெறுங்கையோடு வந்து முற்றத்தில் கிடக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போனால் மறித்தான். வாளியோ துடைப்பமோ உடைந்த நாற்காலிக் காலோ, எதுவானாலும் மறித்தான். வெளியிலிருந்து உள்ளே எத்தனை மூட்டை வந்தாலும் அக்கறையில்லை. இந்த வீட்டுச் சாமான் இந்த வீட்டைத் தாண்டக்கூடாது, அதுதான் அவன் சட்டம். 'எப்ப என்ன பண்ணுவான்னே தெரியலை' என்று சொல்லப்பட்ட நாய், நான் பார்த்ததிலேயே மிக ஒழுங்கான நாய்.

ஆக, சாமான் அதிகம் வெளியே போகாத வீடாகப் பார்த்தால் போதும் என்று முடிவு கட்டினேன். மனதுக்குள் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் கல்யாணி மாமி வந்தார்.

மயிலாப்பூரில் மாட வீதிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஐம்பதைத் தாண்டியவர், தனியாள். ஃபோனில் ஆபீசர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிதான் எனக்கு வேணும்" என்று செய்தி அனுப்பியிருந்தார். வீட்டைப் பார்க்கப் போனேன். வாசலில் பலகை: நாட்டிய உடை, நகை வாடகைக்குக் கிடைக்கும்.

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனால் சிரிப்பு போய்விட்டது. முன்னறை முழுக்கப் பட்டு உடைகள். கண்ணாடி அலமாரியில் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம். ஆணி ஆணியாகச் சலங்கைகள். நான் அங்கே இருந்த நேரத்துக்குள் எத்தனையோ பெண்கள் வந்தார்கள். எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள், எல்லோரும் பெட்டியோடு போனார்கள். ஆபீசருக்கு இதைவிட ஆகாத வீட்டை யாராவது யோசித்துக் கட்ட முடியுமா?

"மாமி, இந்த நாய் உங்களுக்கு வேண்டாம்," என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் ஒரு சலங்கையைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். "அப்போ வேற என்ன தருவே?"

"எங்ககிட்ட ஒரு லேப்ரடார் இருக்கு. ரொம்ப சாது. எல்லாரையும் பார்த்து வாலாட்டும்."

"அதான் வேண்டாங்கறேன்டிம்மா. எல்லாரையும் பார்த்து வாலாட்டிண்டுதான் நான் இத்தனை வருஷமா வியாபாரம் பண்ணிண்டிருக்கேன். இந்த ஆத்துல ஒருத்தராவது ஆட்டாம இருக்கட்டுமே!"

"காவலுக்குத்தானே மாமி? கேமரா வெச்சுக்கலாமே."

"கேமரா இருக்கு. அது பார்த்துண்டு இருக்கும், அவ்வளவுதான்." சலங்கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மார்கழி சீசன்ல பார்த்தேன்னா, கார்த்தால இந்த ரூமே ஜொலிக்கும். சாயந்தரம் ஒவ்வொண்ணா எல்லாம் போயிடும். அப்புறம் நானும் வெறும் அலமாரியும்தான். போறதைப் பார்த்து 'ஐயோ போறதே'ன்னு நெனைக்கறதுக்கு ஆத்துல இன்னொரு ஜீவன் இருந்தா தேவலை."

ஆனாலும் கொடுக்க முடியாது என்றுதான் சொன்னேன். இதைக் கவனியுங்கள். ஒருவருக்கு நாய் தேவைப்படுவது வேறு, அந்த நாய்க்கு அந்த வீடு சரிப்படுவது வேறு. மனம் இளகி இரண்டையும் குழப்பிக்கொண்டால் அதற்கான தண்டனை நமக்கு வராது, நாய்க்குத்தான் வரும்.

"சரி, குடுக்காதே. பார்க்கவாவது வரலாமோ இல்லியோ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திருவான்மியூருக்கு வர ஆரம்பித்தார். ஆபீசரைத் தொடமாட்டார், கொஞ்சமாட்டார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறுந்த முத்துகளைக் கோத்துக்கொண்டிருப்பார். ஆபீசரும் ஏதோ சக ஊழியர் வந்திருப்பதுபோலப் பக்கத்தில் படுத்திருப்பான். இரண்டு பேரும் பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு அவர் கிளம்பும்போது சேகர் அண்ணன் எங்கள் மரத்து முருங்கைக்கீரையை ஒரு கட்டு ஒடித்து அவர் கையில் கொடுத்தார். "எட்துக்கினு போங்க மாமி. கடையில வாங்கினா இந்தப் பச்சை வருமா?" மாமி அதை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் நன்றாகப் பார்த்தேன். ஆபீசரைக் கட்டியிருக்கவில்லை, அவன் முழித்துக்கொண்டும் இருந்தான். அண்ணன் கையைப் பார்த்தான், மாமி கையைப் பார்த்தான், தலையைக் கீழே போட்டுக்கொண்டான்.

"அண்ணே! அவன் மறிக்கலையே!"

"யாரு, ஆபீசரா? கீரைதானே மேடம். அவரு கீரை துன்ன மாட்டாரு, வுட்டுட்டாரு."

கிழிந்த சாக்கையும் அவன் தின்னமாட்டான். மறுபடி சோதனை ஆரம்பித்தது. அதே தட்டு, அதே வாளி. ஆள் தானே எடுத்துக்கொண்டு போனால் மறித்தான். சேகர் அண்ணன் அவன் கண்ணெதிரே எடுத்துக் கையில் கொடுத்தால் விட்டான். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், மாறவே இல்லை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் கையால குட்த்தா அது பாஸ்போர்ட்டு மேடம்! நம்ம ஊர்ல எவன் என் கையெழுத்தை மதிச்சான்? ஆபீசர் மதிக்கிறாரு பாத்தியா!"

மறுபடி ஃபோன் போட்டுக் கேட்டேன். தி.நகரில் மெக்கானிக் இறங்கியபோது வீட்டுக்காரர் மாடியிலேயே நின்றுவிட்டாராம். அடையாறில் கேரியர் மேடையில் இருந்தது, கொடுக்கவேண்டியவர் ஆபீசில் இருந்தார். சாமான் போவதில் ஆபீசருக்கு ஆட்சேபணை இல்லை. கொடுக்கிற கை எங்கே என்று கேட்கிறான், அவ்வளவுதான். நான் கைதட்டிக்கொண்ட முடிவில் பாதிதான் சரி.

உடனே மயிலாப்பூருக்கு ஓடினேன். முதல் தடவை நான் சாமான்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை மாமியின் கையைப் பார்த்தேன். பெட்டியைத் திறப்பார். ஒவ்வொரு நகையையும் எடுத்துக் காட்டி வைப்பார். மூடுவார். பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி, "நன்னா ஆடிட்டு வா" என்று சொல்லிக் கொடுப்பார். எத்தனை கூட்டம் இருந்தாலும், எவ்வளவு தெரிந்தவர்கள் வந்தாலும் இதே முறைதான்.

"எப்பவும் இப்படித்தான் குடுப்பீங்களா மாமி?"

"பின்னே? வாடகைக்குப் போற நகை புக்காத்துக்குப் போற பொண்ணு மாதிரிடி. மேஜையில இருக்கு, எடுத்துண்டு போன்னு சொல்லலாமோ? கையில குடுத்தாத்தான் அதுக்குத் திரும்பி வரத் தோணும்."

எந்த வீட்டைப் பார்த்ததும் ஆகாது என்று தள்ளினேனோ, அந்த வீட்டில்தான் அவனுக்கு வேண்டிய கை இருந்தது. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க வெளியில போற நாள்?"

"நான் இல்லாத நாள் கடையே இல்லை. ஷட்டரைப் போட்டுட்டு அவனை மாடியில விட்டுட்டுப் போவேன்."

சோதனை முறையில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆபீசரைக் கொண்டுபோய் விட்டேன். எங்கள் நீல நைலான் கயிற்றோடுதான். சோதனை முடிகிற வரை அந்தக் கயிறு கூடத்து ஆணியில் தொங்கும், முடிந்ததும் நாம் எடுத்துக்கொண்டு வருவோம். நாய் இன்னும் நம் பொறுப்பு என்பதற்கு அது அடையாளம். நானும் தினமும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகவே போயிற்று. பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஆபீசர் ஒவ்வொன்றையும் மாமியின் கையிலிருந்து வாங்குகிறவர் கை வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண்ணுக்கு அரங்கேற்றம். முகத்தில் பாதி மேக்கப்போடு அவள் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா உள்ளே வந்தார். மாமி நகையெல்லாம் காட்டிப் பெட்டியை மூடிவிட்டார். அந்த நேரம் பார்த்து, "ஜடை குஞ்சலம் மாடியிலேன்னா இருக்கு, இரு வரேன்" என்று படியேறிப் போனார். அம்மாவுக்கு ஃபோன் வந்தது. மிருதங்கக்காரர் வந்துவிட்டார், பெண் எங்கே என்று யாரோ கத்துவது எனக்கே கேட்டது. "இதோ வந்துட்டேன்!" என்று அவர் பெட்டியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் ஆபீசர் நிலைப்படியில் நின்றான். அதே சத்தம், தூரத்து லாரி. இங்கே வாய்க்கூடு கிடையாது.

"ஐயோ! நாயைப் பிடி! யாராவது நாயைப் பிடிங்களேன்!"

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா பாத்துக்கினு நிக்கறே? பெல்ட்டைப் புட்சி இஸ்துக் கட்டு! நானா வரட்டா?" அவர் கையில் ஒரு கம்பி இருந்தது. ஆட்டோவுக்குள் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பெல்ட்டைப் பிடிக்கத்தான் என் கையும் போயிற்று. போன கையை நிறுத்தினேன். முடிவெடுத்து நிற்கிற காவல் நாயைக் கழுத்தில் பிடித்து இழுத்தால், இதுவரை பெட்டியோடு மட்டும் இருந்த வழக்கு மனிதரோடு என்று ஆகிவிடும். பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லலாமா? சாமான்காரர் விஷயத்தில் அதுதான் பலித்தது. ஆனால் அவர் தள்ளி நின்றார். இங்கே அந்த அம்மா குனிந்தால் முகம் நேராக அவன் வாய்க்கு எதிரே வரும்.

"அம்மா, குனியாதீங்க. அவனைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. அப்படியே நில்லுங்க. ஆட்டோக்காரரே, நீங்க உள்ள வராதீங்க. மாமி! கீழ வாங்க!"

மாமி குஞ்சலத்தோடு படியிறங்கினார். "ஆபீசர்! டேய், வாடா இங்கே!" என்று கூப்பிட வாயெடுத்தார்.

"கூப்பிடாதீங்க மாமி. அவனை விட்டுடுங்க. பெட்டியை வாங்குங்க."

"என்னது?"

"பெட்டியை வாங்கி, நீங்க எப்பவும் குடுக்கற மாதிரி குடுங்க."

ஒரு நொடி என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது. நேராகப் போய், அந்த அம்மாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். திறந்து குஞ்சலத்தை உள்ளே வைத்தார். மூடினார். நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார். குரல்தான் கொஞ்சம் பிசிறியது. "நன்னா ஆடிட்டு வரச் சொல்லு கொழந்தையை."

லாரி நின்றுவிட்டது. ஆபீசர் மாமி கையைப் பார்த்தான், அந்த அம்மாவின் கையைப் பார்த்தான். நிலைப்படியிலிருந்து இறங்கி, வழக்கமான இடத்தில் போய்ப் படுத்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. வழக்கம் கொஞ்சம் தவறியது, சரிசெய்தாகிவிட்டது.

ஆட்டோக்காரர் கம்பியோடு வாசலில் நின்றபடி சொன்னார். "த்தோடா! ரசீது கேக்குதா நாயி?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "இந்த நாய் இருக்கற வரைக்கும் உங்க ஆத்துப் பக்கமே வரமாட்டேன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அதை நீங்கள் மறக்கக் கூடாது. நாயின் காரணம் நமக்குப் புரிந்துவிட்டது என்பதற்காக, பயந்த மனிதரின் பயம் பொய்யாகிவிடாது.

வீடு அமைதியானது. கயிறு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், மாமியும் பார்த்தார். இப்போதே அழைத்துப் போனால் அது மூன்றாவது முறை. விட்டுவிட்டுப் போய், நாளைக்கு வேறு ஒருவர் குனிந்துவிட்டால்?

"நீ சொல்லு. அவனைக் கூட்டிண்டு போகப்போறியா?" என்றார் மாமி.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

அவர் மேஜையைக் காட்டினார். "அவன் மேல என்ன தப்பு? மூடின பெட்டியை மேஜையில விட்டுட்டு நான்தானே மாடிக்குப் போனேன்? இந்த மேஜை இங்க இருக்கற வரைக்கும் யாராவது எடுக்கத்தான் எடுப்பா."

மறுநாளே தச்சு ஆசாரியை வரவழைத்தார். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு அரைக்கதவு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பக்கம், ஆபீசருக்கு இந்தப் பக்கம். அலமாரி, மேஜை, பெட்டி எல்லாமே அவன் பக்கத்துக்கு வந்துவிட்டன. இனி எந்தப் பெட்டியும் மாமி கையைத் தாண்டாமல் அந்தப் பக்கம் போக வழியில்லை. நாயைத் திருத்துவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைத்தான் திருத்தினார். ஒரு காவல் நாயை யாருக்குக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், நான் இந்த ஆளைத்தான் தேடுவேன்.

சில நாள் கழித்து அந்த அம்மாவே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேறு வழி? அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளியே நின்றார். ஆபீசர் தலையைக்கூடத் தூக்கவில்லை. உள்ளே வருகிற சாமானில் அவனுக்கு என்ன வேலை? "அன்னிக்கு அப்படி நின்னுது, இன்னிக்கு என்னைத் தெரியவே தெரியாத மாதிரி இருக்கே!" என்று அவர் கேட்டபோது குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப் பட்டது.

சோதனைக் காலம் முடிந்த அன்று நான் கடைசியாகப் போனேன். மாமி அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தார். ஆபீசர் என்னைப் பார்த்து வாலை ஒரு முறை அசைத்தான். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு. அவனுக்கு இரண்டு முறை வீடு போனபோதும் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் நான். அவனுக்கு முதன்முதலில் கையால் சோறு வைத்தவளும் நான்தான்.

"மாமி, எல்லாம் சரி. நான் கெளம்பறேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, ஆணியிலிருந்து எங்கள் நீலக் கயிற்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டு அரைக்கதவுப் பக்கம் திரும்பினேன்.

ஆபீசர் அரைக்கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"டேய், நான்டா," என்றேன். தூரத்தில் லாரி போயிற்று. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்த கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், சாக்கைப் பார்த்த மாதிரி, பெட்டியைப் பார்த்த மாதிரி.

நான் அப்படியே நின்றேன். கண் கலங்கியதா என்று கேட்காதீர்கள். "மாமி, கொஞ்சம் வாங்களேன்," என்று கூப்பிட்டேன்.

காபி டம்ளரோடு வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். சுருளைச் சரிசெய்தார். நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாடிம்மா. நன்னா போயிட்டு வா."

ஆபீசர் வழிவிட்டான்.